கோச் பேசும்போது பையன்கள் யாரைப் பார்க்கிறார்கள்?

மதுரையிலும் தேனி, திண்டுக்கல் பக்கமும் கூடைப்பந்து அணிகளுக்கு விளையாட்டு உளவியல் ஆலோசகராகப் போய்வருகிறேன். ஓர் அணிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய, டைம் அவுட்டில் (ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் சிறு இடைவேளையில்) பையன்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே போதும். கோச் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். நாலு பேர் கண்ணும் ஓரமாகத் தண்ணீர் குடிக்கும் நட்சத்திர வீரர் மேல் இருக்கும். அவர் தலையாட்டினால்தான் திட்டம் செல்லும்.

இத்தனைக்கும் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதிப்படி டைம் அவுட் கேட்கும் உரிமையே தலைமைப் பயிற்சியாளருக்கும் முதல் துணைப் பயிற்சியாளருக்கும் மட்டும்தான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் வீரரும் கேட்கலாம்.

‘ஸ்டார் சொல்றதைக் கேட்டா ஜெயிக்கலாம் சார்’ என்பார்கள் கிளப் செயலாளர்கள். 1981 நவம்பரில் என்பிஏவின் லேக்கர்ஸ் அணி நட்சத்திரம் மேஜிக் ஜான்சன், தன்னை வேறு அணிக்கு அனுப்பிவிடச் சொன்னார். மறுநாளே பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட்டை நீக்கிவிட்டார்கள். அந்த சீசனில் கோப்பையும் வந்தது, உண்மைதான். ஆனால் அடுத்து வந்த பாட் ரைலி கண்டிப்புக்குப் பேர்போனவர். ஜான்சன் அவருக்குக் கட்டுப்பட்டு ஆடினார். கதையின் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

நான் கோச்களிடம் அதிகம் பேசுவது 1994 மே 13 ஆட்டத்தைப் பற்றி. மைக்கேல் ஜோர்டான் ஓய்வு அறிவித்திருந்ததால் சிகாகோ புல்ஸ் அணி ஸ்காட்டி பிப்பனின் கையில் இருந்தது. நியூயார்க் நிக்ஸுடனான தொடரில் 0–2 என்று பின்தங்கியிருந்த நிலையில், மூன்றாவது ஆட்டம் 102–102. மீதி 1.8 நொடி. கடைசி ஷாட்டைப் பிப்பனுக்குத் தராமல் சக வீரர் டோனி குகோச்சுக்குக் கொடுத்தார் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன். பிப்பன் கோபித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜாக்சன் கெஞ்சவில்லை, திட்டத்தையும் மாற்றவில்லை. வேறொருவரை இறக்கினார். குகோச் போட்டார், வெற்றி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். உடைமாற்றும் அறையில் பேசியது 36 வயது பில் கார்ட்ரைட். அதிகப் புள்ளி எடுப்பவர் இல்லை, மூத்தவர். இப்படிச் செய்யலாமா என்று பிப்பனிடம் அழுதுகொண்டே கேட்டார். பிப்பன் மன்னிப்புக் கேட்டார், அடுத்த ஆட்டத்தில் இறங்கினார், அணி ஜெயித்தது. தொடர் என்னவோ கைநழுவியது. ஆனால் 1996 முதல் 1998 வரை மூன்று கோப்பைகள் வந்தபோது பிப்பனும் ஜாக்சனும் அதே அணியில்தான் இருந்தார்கள்.

நம்மூரில் சிக்கல் வேறு மாதிரி. கோச்சுக்கு வேலை நிரந்தரமில்லை, ஸ்டாரிடம் செயலாளரின் செல்போன் எண் இருக்கிறது. காலைப் பயிற்சிக்கு அவர் வராவிட்டால் ‘விடுங்க கோச், மேட்சுல பாத்துக்குவான்’ என்று ஒரு போன் வரும். பாதிப்பு முதலில் தெரிவது தடுப்பாட்டத்தில். ஓடி வந்து இன்னொருவருக்காக அடைப்பது புகழ் வராத வேலை. விதிவிலக்கைக் கண்ணால் பார்த்த எட்டாவது, ஒன்பதாவது ஆட்டக்காரர்தான் முதலில் ஓடுவதை நிறுத்துவார். ஸ்டாருக்கும் நல்லதில்லை. திருத்த ஆளில்லாமல் போன பையன்கள், ஃபார்ம் போனதும் தூக்கமில்லாமல் என்னிடம் வருகிறார்கள்.

என்பிஏவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த கிரெக் பாப்போவிச், எல்லார் முன்னாலும் தன் நட்சத்திர வீரர் டிம் டங்கனைத் திட்டுவார். டங்கன் வாங்கிக்கொள்வார். பிறகு மற்றவர்கள் எந்த முகத்தோடு கோபிப்பது? இருவரும் சேர்ந்து 19 சீசன், 5 கோப்பை. ஆனால் சபையில் திட்டுகிற கோச், தனியே ஸ்டாரின் யோசனையையும் கேட்க வேண்டும். முந்தைய நாள் மாலையே கேட்டுவிடுங்கள், டைம் அவுட்டில் விவாதம் வராது. அதிகப் புள்ளி எடுப்பவரே கேப்டன் என்ற பழக்கத்தையும் விடலாம்.

செயலாளர்கள், கோச் உடனில்லாமல் வீரரின் புகாரைக் கேட்காதீர்கள். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பெஞ்சுக்குப் பின்னால் நின்று ‘டேய், ஷூட் பண்ணுடா’ என்று குரல் கொடுக்கும் அப்பாக்கள், தயவுசெய்து எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள்.