ரசீதை மட்டும் நம்பித் தொல்பொருள் வாங்கலாமா?

"1960களிலிருந்து ஐரோப்பியர் ஒருவரின் தனிச் சேகரிப்பில் இருந்தது." ஏலப் பட்டியலில் இந்த ஒரு வரி மட்டும் இருந்தால் அதை ஆதாரமாக ஏற்கக் கூடாது. யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு கைமாறியது என்ற விவரமே அதில் கிடையாது. அறுபதுகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலாசாரச் சொத்துக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 நவம்பரில் நிறைவேறியது. அதற்கு முன்பே தாய்நாட்டை விட்டு வெளியேறிய பொருள் என்று காட்டிவிட்டால் பல அருங்காட்சியகங்களின் கொள்முதல் விதியைத் தாண்டிவிடலாம். போலி ஆவணங்களின் தேதிகள் அந்த ஆண்டுகளைச் சுற்றியே விழுவது இதனால்தான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் வாங்கிய எகிப்தியப் பூசாரி நெட்ஜெமான்கின் தங்க முலாம் பூசிய சவப்பெட்டிக்கு 1971 மே மாத ஏற்றுமதி உரிமம் இருந்தது. முத்திரையிலோ 'எகிப்து அரபுக் குடியரசு'. நாடு அந்தப் பெயருக்கு மாறியது அவ்வாண்டு செப்டம்பரில்! உண்மையில் அது 2011இல் திருடப்பட்டது. 2019இல் எகிப்துக்குத் திரும்பியது.

ஆகவே ஒவ்வொரு தாளையும் அதை வழங்கிய அலுவலகத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். விற்பவர் தரும் தொலைபேசி எண் வேண்டாம்; முகவரியை நீங்களே தேடுங்கள். முத்திரை, எழுத்துரு, தொலைபேசி எண்ணின் இலக்கங்கள் எல்லாம் அந்தத் தேதிக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது பழைய படங்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெரா தேசியக் காட்சிக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய நடராஜர் சிலை, பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாக ஆவணங்கள் கூறின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1994 படத்தில் அதே சிலை தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்தது. ஒப்பிடும்போது முகத்தைவிடச் சிராய்ப்பு, உடைப்பு, வார்ப்புக் குறைகளையே பார்க்க வேண்டும். அவை சிலைக்குச் சிலை மாறும்.

திருட்டுப் பட்டியலில் இல்லை என்ற சான்றிதழை நம்பி ஏமாறுவோர் அதிகம். களவாகத் தோண்டி எடுத்த பொருளை அதற்கு முன் யாரும் படமெடுத்ததில்லை. அது எந்தப் பட்டியலிலும் இருக்காது. இடுக்குகளில் ஒட்டிய மண், புதிய உடைப்பு, ரம்பத்தால் அறுத்த பின்புறம் ஆகியவற்றைச் சுத்தம் செய்யும் முன்பே பதிவு செய்யுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல், ஒன்றியத்துக்கு வெளியே தோன்றிய, 250 ஆண்டுகளைக் கடந்த அகழ்வுப் பொருள்களுக்கு, மதிப்பு எதுவானாலும், இறக்குமதி உரிமம் தேவை. 200 ஆண்டுகளைக் கடந்த வேறு பல பொருள்களுக்கு, மதிப்பு 18,000 யூரோவும் அதற்கு மேலும் இருந்தால், இறக்குமதியாளரின் சொந்த உறுதிமொழி போதும். இது பலவீனமான ஏற்பாடு: விலையைக் குறைத்துக் காட்டினால் அதுவும் தேவைப்படாது.

காட்சிக்கு இரவலாக வரும் பொருளுக்கும் கொள்முதலுக்குரிய அதே சோதனை வேண்டும். அருங்காட்சியகத்தில் வைத்ததாலேயே அதன் சந்தை விலை ஏறும். ஏற்கெனவே கையிலுள்ள ஐயத்துக்குரிய பொருளைக் கிடங்கில் மறைக்காமல், எல்லாப் பக்கப் படங்களையும் அளவுகளையும் எந்த ஆண்டுகளுக்கு விவரம் இல்லை என்பதையும் இணையத்தில் வெளியிடுங்கள். பறிகொடுத்தவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க அதுவே வழி.