பழ ட்ரஃபிளுக்குள் நீர் செய்யும் வேலை

உருக்கிய சாக்லேட்டுக்குள் ஈரம் துடைக்காத கரண்டியை விட்டுக் கலக்கியவர்களுக்கு அடுத்து நடந்தது மறந்திருக்காது. நாடாவைப் போல் பளபளவென்று வழிந்துகொண்டிருந்த திரவம் சில நொடிகளில் மங்கி, கரண்டியைச் சுற்றித் திரண்டு, ஈர மணலைப் பிசைந்தது போன்ற கெட்டிக் களியாகிவிடும். கரண்டியில் ஒட்டியிருந்த நீர் அரைத் தேக்கரண்டிகூட இருந்திருக்காது. ஆனால் அதே சாக்லேட்டின் மீது அரைக் கிண்ணம் சூடான ராஸ்பெர்ரிக் கூழை ஊற்றிக் கலக்கினால், அது கெட்டிப்படாமல் வழவழப்பான குழம்பாகிறது. ராஸ்பெர்ரிக் கூழில் பெரும்பகுதி நீர்தான் என்பதை நினைத்தால் இது விந்தையாகத் தோன்றும். பழச்சுவை கொண்ட சாக்லேட் ட்ரஃபிள் என்னும் உருண்டை இனிப்பை வீட்டில் செய்பவர் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை, கொஞ்ச நீர் கெடுப்பதையும் நிறைய நீர் சரிசெய்வதையும் சுற்றியே வருகின்றன.

சாக்லேட் என்பது ஏறத்தாழ நீரே இல்லாத பொருள். நல்ல சாக்லேட் கட்டி ஒன்றில் நீரின் அளவு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கோகோ வெண்ணெய் என்னும் கொழுப்பு ஒரு கடலைப் போல் பரவியிருக்க, அதற்குள் சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களும் மிதந்துகொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். இந்தத் துகள்களை ஆலைகளில் 20 முதல் 30 மைக்ரோமீட்டர் வரையிலான அளவுக்கு அரைத்துவிடுவதால் நாக்கு அவற்றைத் தனித்தனியாக உணர்வதில்லை. 1879-இல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ரோடால்ஃப் லிண்ட் கண்டறிந்த கான்ச்சிங் முறையில் சாக்லேட்டை நெடுநேரம் சூடாகப் பிசையும்போது, எஞ்சிய ஈரமும் விரும்பத்தகாத சில அமிலங்களும் ஆவியாகி வெளியேறுகின்றன. ஒவ்வொரு துகளின் மீதும் கொழுப்பு ஒரு மெல்லிய போர்வையாகப் படிகிறது. உருகிய சாக்லேட் வழுக்கிக்கொண்டு ஓடுவது இந்தப் போர்வையால்தான்.

இதற்குள் ஒரு துளி நீர் விழுந்தால் அது கொழுப்போடு கலப்பதில்லை. நீரை விரும்பும் சர்க்கரையைத் தேடிப் போகிறது. துளியைத் தொட்ட சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு கரைந்து பாகாகிறது. பாகு பூசிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிண்ணம் முழுவதும் ஒரு வலைப்பின்னலாகப் பரவுகின்றன. கொழுப்பு இன்னும் உருகிய நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வலைக்குள் அகப்பட்டுக்கொண்டதால் ஓட முடிவதில்லை. நீரின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், சாக்லேட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எட்டினால் நிலைமை மாறுகிறது. பிசுபிசுத்த துகள்கள் முழுவதுமாகக் கரையும் அளவுக்கு இப்போது நீர் கிடைத்துவிடுகிறது. சர்க்கரை கரைந்த நீர் கடலாகிறது. கொழுப்பு சிறு சிறு உருண்டைகளாகி அதற்குள் மிதக்கத் தொடங்குகிறது. கெட்டிப்பட்ட சாக்லேட்டைக் குப்பையில் கொட்டுவதை விட, அதில் துணிந்து இன்னும் கொஞ்சம் சூடான நீர்மத்தைச் சேர்ப்பதே அறிவுடைமை. உறையாக முக்குவதற்கு அது இனி உதவாது; உள்ளே வைக்கும் பூரணத்துக்குத் தாராளமாக உதவும்.

கொழுப்புத் துளிகள் நீருக்குள் பரவியிருக்கும் இந்தக் கலவையை வேதியியலில் பால்மம் என்பர். பாலும் க்ரீமும் பால்மங்களே. சாக்லேட்டையும் சூடான க்ரீமையும் சேர்த்து உருவாக்கும் பால்மத்துக்குக் கனாஷ் என்று பெயர். அதை உருட்டி கோகோத் தூளில் புரட்டினால் ட்ரஃபிள் ஆகிவிடும். மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் என்ற காளானைப் போல ஒழுங்கற்ற வடிவத்தோடு, மண் ஒட்டியது போல் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. காளானுக்கும் இனிப்புக்கும் வேறு எந்த உறவும் கிடையாது.

கறுப்பு சாக்லேட்டில் கெட்டியான கனாஷ் வேண்டுமானால், சாக்லேட் இரண்டு பங்கும் க்ரீம் ஒரு பங்கும் எடுப்பது வழக்கம். 35 சதவீதக் கொழுப்புள்ள 100 கிராம் க்ரீமில் நீர் மட்டும் ஏறத்தாழ 60 கிராம் இருக்கும். பழச்சுவை வேண்டும் என்று க்ரீமை நீக்கிவிட்டு அதே எடைக்குப் பழக்கூழைச் சேர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ராஸ்பெர்ரியில் ஏறத்தாழ 86 சதவீதமும், மாம்பழத்தில் 83 சதவீதமும், ஸ்ட்ராபெர்ரியில் 91 சதவீதமும் நீர். ஆகவே 100 கிராம் கூழ் சேர்க்கும்போது க்ரீமில் வந்திருக்க வேண்டியதை விட ஏறத்தாழ 23 முதல் 31 கிராம் வரை நீர் கூடுதலாகிறது. க்ரீம் தந்திருக்கக்கூடிய 35 கிராம் கொழுப்பும் இல்லாமல் போகிறது. இப்படிச் செய்த கனாஷ் எவ்வளவு குளிரவைத்தாலும் உருட்ட வராமல், தளர்ந்த களிம்பைப் போலவே இருக்கும். இதற்குத் தீர்வு இரண்டு பக்கமும் உண்டு. 150 கிராம் கூழை அடுப்பில் வைத்து 100 கிராமாகச் சுண்டக் காய்ச்சினால் நீர் குறைகிறது. 40 கிராம் வெண்ணெய் சேர்த்தால் இழந்த கொழுப்பு திரும்புகிறது. 60 சதவீதம் கோகோ உள்ள கறுப்பு சாக்லேட் 200 கிராம், சுண்டிய கூழ் 100 கிராம், வெண்ணெய் 40 கிராம் என்ற அளவில் தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோத் துகள்களே இல்லை. கறுப்பு சாக்லேட்டில் அத்துகள்கள் நேரம் ஆக ஆக நீரை உறிஞ்சி, கலவையை இறுகச் செய்கின்றன. அந்த உதவி கிடைக்காததால் வெள்ளைச் சாக்லேட்டை மூன்று பங்கு வரை கூட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த சிக்கல் பழத்தின் புளிப்பு. பாலிலும் க்ரீமிலும் உள்ள கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக, ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் மின்னூட்டத்தோடு மிதக்கிறது. அமிலம் சேரச் சேர அந்த மின்னூட்டம் குறைந்து, பிஎச் அளவு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) 4.6-ஐ நெருங்கும்போது அறவே மறைந்துவிடுகிறது. உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திரிகின்றன. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-க்குச் சற்று மேலே; பேஷன் ஃப்ரூட்டினுடையது 3-ஐ ஒட்டியது. கொதிக்கும் க்ரீமில் இவற்றை நேரடியாக ஊற்றினால் வெப்பமும் அமிலமும் கைகோத்துக்கொண்டு வேலையை விரைவாக முடித்துவிடும். க்ரீமையும் சாக்லேட்டையும் முதலில் கலந்து பால்மமாக்கிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் கூழைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது பாதுகாப்பான வழி. புரதம் மிகக் குறைவாக உள்ள வெண்ணெயை க்ரீமுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது அதைவிட நல்ல வழி என்பது என் கருத்து; பால் மணம் குறுக்கே வராததால் பழத்தின் சுவையும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

அன்னாசி, பப்பாளி, கிவி ஆகிய மூன்றும் இன்னொரு வகையில் தொல்லை தரும். புரதத்தை வெட்டிச் சிதைக்கும் நொதிகள் அவற்றில் உள்ளன. பச்சையான கிவிக் கூழைக் க்ரீமில் கலந்து வைத்தால் சில மணி நேரத்தில் கசப்பேறுவதற்கு, உடைபட்ட புரதத் துண்டுகளே காரணம். கூழைச் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தால் நொதிகள் செயலிழந்துவிடும்.

பால்மம் உடைவது எப்படி இருக்கும் என்பதை ஒரு முறை நானே அருகிலிருந்து பார்த்தேன். ஆரஞ்சுச் சாறும் வெண்ணெயும் சேர்த்த கனாஷை அவசரத்தில் ஒரே மூச்சாகக் கலக்கியபோது முதலில் அதன் பளபளப்பு போயிற்று. பிறகு பரப்பில் சொரசொரப்புத் தட்டியது. கடைசியில் கிண்ணத்தின் ஓரங்களில் மஞ்சள் நிற எண்ணெய் கோடு கட்டி நின்றது. அளவுகளை மறுபடி கூட்டிப் பார்த்தபோதுதான், கொழுப்புக்கு இடம் தரும் அளவுக்கு நீர் போதவில்லை என்பது விளங்கியது. ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் அவை 74 சதவீத இடத்தையே நிரப்பும். அந்த எல்லையை நெருங்கும் கொழுப்புத் துளிகள் நசுங்கி, ஒன்றோடொன்று இணைந்து எண்ணெயாகப் பிரிகின்றன. ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான சாற்றைச் சேர்த்து, கிண்ணத்தின் நடுவில் சிறு வட்டமாகக் கலக்கத் தொடங்கி மெல்ல வெளியே விரித்தபோது, நடுவில் முதலில் ஒரு பளபளப்பான புள்ளி தோன்றி அது ஓரம் வரை பரவியது. எண்ணெய் பிரிந்துவிட்டதே என்று நீரைச் சேர்க்கத் தயங்குவது இயல்பு; ஆனால் அங்கே தேவைப்படுவது நீரே. கலவை 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது கலக்குவது நல்லது. அதைவிடக் குளிர்ந்தால் கொழுப்பு உறையத் தொடங்கித் துளிகளாக உடைய மறுக்கும். சாக்லேட்டில் ஏற்கெனவே உள்ள லெசித்தினும், பழக்கூழின் பெக்டினும் துளிகள் மீண்டும் சேராமல் தடுக்க உதவுகின்றன.

மணத்தைப் பொறுத்தவரை எல்லாப் பழங்களுக்கும் ஒரே உத்தி பொருந்தாது. ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் மணம் சாற்றில் இருப்பதை விடத் தோலில்தான் மிகுதி. அதைத் தரும் லிமோனீன் முதலிய எண்ணெய்கள் கொழுப்பில் கரைபவை. வெள்ளைப் பகுதி சேராமல் துருவிய தோலைச் சூடான வெண்ணெயிலோ க்ரீமிலோ கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால், ஒரு சொட்டு நீரும் கூடாமல் முழு மணமும் இறங்கிவிடும். பெர்ரி வகைகளில் இது நடக்காது. அவற்றின் மணம் சதையில் இருக்கிறது, காய்ச்சும்போது ஆவியோடு போய்விடவும் செய்கிறது. சுண்டிய ராஸ்பெர்ரிக் கூழில் ஜாமின் வாசம் வருவதற்கு அதுவே காரணம். காய்ச்சாத கூழில் ஒரு கரண்டியை எடுத்துவைத்துக் கடைசியில் கலந்தால் அந்தக் குறை ஓரளவு நீங்கும்.

இதைவிடச் சிறந்தது உறைய வைத்து உலர்த்திய பழத்தூள். பழத்தை உறையவைத்து, காற்றழுத்தத்தை மிகவும் குறைத்தால், பனிக்கட்டி உருகாமலேயே நேரடியாக ஆவியாகிறது. உயர் வெப்பம் படாததால் நிறமும் மணமும் பெருமளவு தப்பிக்கின்றன. 10 கிராம் ஸ்ட்ராபெர்ரித் தூள் ஏறத்தாழ 100 கிராம் பழத்துக்குச் சமம். நீர் மட்டும் அதில் இல்லை. ஸ்ட்ராபெர்ரியைப் போல மென்மையான சுவையுள்ள, நீர் மிகுந்த பழத்துக்கு இதை விட்டால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சாக்லேட்டில் பெர்ரிகளின் சிவப்பு சில வேளை சாம்பல் கலந்த ஊதாவாகத் திரிவதுண்டு. அமிலம் குறைந்தால் ஆந்தோசயனின் நிறமி நீலத்தை நோக்கி நகர்வதே அதற்குக் காரணம். சில சொட்டு எலுமிச்சைச் சாறு சிவப்பை மீட்டுத்தரும்.

கலக்கி முடித்த கனாஷை உடனே குளிர்சாதனப்பெட்டிக்குள் தள்ளுவது பலரும் செய்யும் தவறு. கோகோ வெண்ணெய் ஒரே கொழுப்பாக இருந்தாலும் பல வடிவங்களில் படிகமாகும். 1966-இல் வில்லி, லட்டன் ஆகிய ஆய்வாளர்கள் அப்படி ஆறு வடிவங்களை வரிசைப்படுத்தினர். ஐந்தாவது வடிவம் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகுகிறது. அறையில் திடமாக நின்று வாயில் கரைவது அதுவே. முதல் சில வடிவங்கள் அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். திடீரென்று குளிரவைத்தால் இந்த நிலையற்ற படிகங்களே மிகுதியாக உண்டாகின்றன. வெளியே எடுத்ததும் ட்ரஃபிள் தளர்ந்து கையில் ஒட்டும். குளிர்ச்சியான இடத்தில், 16 முதல் 18 டிகிரியில், மூடிவைத்து இரவு முழுவதும் விட்டால் நல்ல படிகங்கள் மெதுவாக வளர்ந்து, கனாஷ் உருட்டுவதற்கு ஏற்ற பதத்துக்கு வரும்.

உருட்டியபின் அதைக் காப்பாற்றுவதும் நீரைப் பற்றிய கணக்குதான். கனாஷில் உள்ள நீரில் எவ்வளவு கிருமிகளுக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறது என்பதை நீர்ச்செயல்பாடு என்ற அளவால் குறிப்பர். தூய நீருக்கு அது 1. நோய் தரும் பாக்டீரியாக்கள் பொதுவாக 0.85-க்குக் கீழே வளர்வதில்லை, பூஞ்சைகளோ அதற்குக் கீழும் வளரும். வீட்டில் செய்யும் பழக் கனாஷ் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கக்கூடும் என்பதால், குளிர்சாதனப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கூழோடு ஒரு கரண்டி குளுக்கோஸ் பாகு சேர்த்தால் அது நீரின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சர்க்கரை மணிகளாகப் பூப்பதும் குறையும்.

பெட்டியிலிருந்து எடுத்த ட்ரஃபிள்களை மூடிய டப்பாவோடு அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த பரப்பின் மீது காற்றின் ஈரம் படிந்தால், சாக்லேட் உறையில் உள்ள சர்க்கரை கரைந்து, பிறகு காய்ந்து, வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். கோகோத் தூளில் புரட்டியவற்றில் அங்கங்கே கறுத்த ஈரத் தடங்கள் தோன்றும். உலர்த்திய பழத்தூளை மேலே தூவ விரும்புபவர்கள் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் தூவ வேண்டும். காற்றிலும் கனாஷிலும் உள்ள ஈரத்தை அது ஆவலோடு உறிஞ்சிக்கொள்வதால், விரைவிலேயே இளஞ்சிவப்புத் தூள் மறைந்து அடர்சிவப்பில் பிசுபிசுக்கும் பசை ஒன்றுதான் மிஞ்சும்.