ஆற்றல்: ஒரு சொல்லும் அதன் இரண்டு கடமைகளும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஊர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. ஆயினும் அங்கு வந்து சேரும் அறிவிப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கின்றன. கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துப் பெண்களின் குழு) ஒன்றில் வாசிப்பதற்காக அத்தகைய சுற்றறிக்கை ஒன்றைத் தமிழாக்கித் தருமாறு என்னைக் கேட்டார்கள். அதில் இரண்டு தொடர்களில் என் கை நின்றுவிட்டது. ஒன்று ‘புனருபயோக ஊர்ஜம்’. மற்றொன்று ‘ஸ்த்ரீ சாக்தீகரணம்’. தமிழ்நாட்டு அலுவலக வழக்கைப் பின்பற்றி முன்னதைப் ‘புதுப்பிக்கத்தக்க எரிசக்தி’ என்றும் பின்னதைப் ‘பெண்களுக்கு அதிகாரமளித்தல்’ என்றும் எழுதி முடித்திருக்கலாம். எழுதியும் பார்த்தேன். சொல்ல வந்த பொருளுக்கு அவை பொருந்தவில்லை.

முதலில் ‘எரிசக்தி’. எரிவதிலிருந்து பிறக்கும் சக்தி என்பதே இதன் நேர்ப்பொருள். விறகுக்கும் நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் இச்சொல் முற்றிலும் பொருந்தும். ஆனால் காற்றாலையில் எதுவும் எரிவதில்லை. கூரைமேல் வைத்த சூரியத் தகட்டிலும் எரிவதில்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டியிருப்பதற்கு நாம் இடைவிடாது எரித்துவந்ததே முதற்காரணம். காலநிலை மாற்றத்துக்குக் காரணமான செயலையே, அதற்கு மாற்றாக நாம் தேடுவதன் பெயருக்குள்ளும் வைத்திருப்பது பொருத்தமன்று. (பலர் ‘பருவநிலை மாற்றம்’ என்று எழுதுகிறார்கள். பருவம் என்பது கார், கூதிர் போன்ற பெரும்பொழுதைக் குறிப்பதால், நீண்ட காலத்துக்குரிய வானத்தின் இயல்பைச் சொல்லக் ‘காலநிலை’ என்பதே தகும்.)

எனர்ஜி என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. ‘எர்கோன்’ என்றால் வேலை. அதனோடு உள்ளிருத்தலைக் குறிக்கும் முன்னொட்டு சேர்ந்து ‘எனர்கெயா’, அதாவது செயலில் இருக்கும் நிலை, என்றாயிற்று. அரிஸ்டாட்டில் அதனை மெய்யியற் சொல்லாக வழங்கினார். இயற்பியலில் இன்று நாம் கொள்ளும் பொருளை நோக்கி 1807-இல் அச்சான தம் சொற்பொழிவுகளில் அதை நகர்த்தியவர் தாமஸ் யங். மலையாளத்து ‘ஊர்ஜம்’ வடமொழியிலிருந்து வந்தது. ஊட்டம், வலிமை என்பன அதன் பழம்பொருள்கள். ‘சக்தி’யின் வேரோ இயலுதலைக் குறிக்கிறது.

தமிழில் இதற்கு இணையாகப் பாடநூல்கள் தேர்ந்துகொண்ட சொல் ‘ஆற்றல்’. கிரேக்க வேருக்கு இவ்வளவு அருகில் நிற்கும் சொல் தமிழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆற்று என்றால் செய்; பணியாற்றுகிறோம், உரையாற்றுகிறோம், கடமையாற்றுகிறோம். செய்தலிலிருந்தே செய்யும் வல்லமைக்கும் பெயர் வந்தது. இதனோடு சேர்த்துக் கற்க வேண்டியது ‘திறன்’. எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பது ஆற்றல். அதை எவ்வளவு விரைவாகச் செய்ய முடியும் என்பது திறன். கேரள மின்வாரியம் 1990-களில் வாளையாற்றுக்கு அருகே கஞ்சிக்கோட்டில் தலா 225 கிலோவாட் கொண்ட 9 காற்றாலைகளை நிறுவியது. அந்தக் கிலோவாட் கணக்கு திறன். நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் ‘யூனிட்’ என்று வருவது ஆற்றல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்.

அடுத்தது, ஆற்றலுக்கு முன்னே வரும் அடைமொழி. நடுவணரசில் 1982-இல் தோன்றிய துறை ‘மரபுசாரா’ ஆற்றலுக்கு உரியதாகவே பெயர் பெற்றது. அது 1992-இல் அமைச்சகமாகி, 2006-இல்தான் ‘புதிய, புதுப்பிக்கத்தக்க’ என்னும் இன்றைய பெயருக்கு மாறியது. ‘மரபுசாரா’ போனதில் எனக்கு வருத்தமில்லை. முதலமடையில் மாங்காயைக் கீறி வெயிலில் இட்டு வற்றலாக்கும் பெண்ணும், களத்தில் காற்று வரும் திசை பார்த்து நெல் தூற்றும் பெண்ணும் கைக்கொள்வதைக் காட்டிலும் பழைய மரபு எது? புறநானூற்றின் 66-ஆம் பாட்டு கரிகாலனை, “நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி, வளிதொழில் ஆண்ட உரவோன் மருக” என்று விளிக்கிறது. வளி என்பது காற்று. காற்றின் தொழிலை ஆண்டவனின் வழித்தோன்றலே என்பது பொருள். காற்றுக்குத் தொழில் உண்டு, அதை மனிதர் ஆளலாம் என்னும் இக்கருத்தைச் சொன்னவர் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர்.

அதற்குப் பதிலாக வந்த ‘புதுப்பிக்கத்தக்க’ என்பதிலும் குறையுண்டு. புதுப்பித்தல் ஒருவர் செய்யும் செயல். குடும்ப அட்டையையும் உரிமத்தையும் நாம் புதுப்பிக்கிறோம். வெயிலையும் காற்றையும் எவரும் புதுப்பிப்பதில்லை. மலையாளத் தொடரோ ‘மறுபயன்பாடு’ என்னும் பொருள் தருவதால் இன்னும் விலகிப்போகிறது. ஒருமுறை மின்சாரமான வெயிலை மறுமுறை பயன்படுத்த இயலாது. ‘வற்றாத ஆற்றல்’ என்று சிலர் சொல்வது செவிக்கு இனியது. எனினும் விறகும் சாணமும் இந்த வகையில் அடங்குபவை. வளர்வதைவிட விரைவாக வெட்டினால் காடு வற்றித்தான் போகும். எடுக்க எடுக்கத் தானே நிறைவது, ஆனால் நிறையும் வேகத்தைக் கடந்து எடுத்தால் தீர்வது என்னும் இரண்டையும் ஒருசேரச் சொல்லும் வினை தமிழில் ஒன்றுண்டு: ஊறுதல். “தொட்டனைத் தூறும் மணற்கேணி” என்று குறள் சொல்வது இதைத்தான். நிலத்தடி நீரை ஊறுவதற்கு மேல் இறைத்துவிட்ட சித்தூர் வட்டாரத்தில் இச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஆகவே அலுவலக எழுத்தில் நிலைபெற்றுவிட்ட ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்பதை அப்படியே எழுதி, பேசும்போதும் கற்பிக்கும்போதும் ‘ஊறும் ஆற்றல்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

இனிச் ‘சாக்தீகரணம்’. ஆங்கிலத்தில் இதற்கு மூலமான ‘எம்பவர்’ என்னும் வினை, சட்டப்படி ஒருவருக்கு அதிகாரம் வழங்குவதையே முதலில் குறித்தது. அந்தப் பொருளில் ‘அதிகாரமளித்தல்’ தவறில்லை. பெண்கள் இயக்கங்கள் கையாண்டபோது அச்சொல் ஒருவர் தாமே வலுப்பெறுவதையும் குறிக்கலாயிற்று. அங்கே ‘அளித்தல்’ இடறுகிறது, அளிப்பவர் ஒருவர் மேலேயே நிற்பதால். நம் சொல்வழக்கில் இதற்கு எதிர்ச்சொல் ஆயத்தமாக உள்ளது. ‘ஆற்றாமை’ என்று அன்றாடம் சொல்கிறோமே, செய்ய இயலாமலும் பொறுக்க இயலாமலும் உள்ளே குமையும் நிலை, அதிலிருந்து விடுபடுவதே இது. எனவே ‘பெண்கள் ஆற்றல் பெறுதல்’ என்று எழுதினேன். பொருளாதாரத்தைச் சேர்த்தால் ‘பொருளாதார ஆற்றல் பெறுதல்’. இவ்வாறு சுற்றறிக்கையின் இரண்டு தொடர்களும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தன.

அச்சொல்லுக்குள் பழைய பாரமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆற்றுதல் பொறுத்தலையும் குறிக்கும். “ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்” என்னும் 225-ஆம் குறள் இரண்டு பொருளையும் அருகருகே வைத்து, பசியைப் பொறுக்கும் வலிமையைப் பசியைப் போக்கும் வலிமைக்குப் பின்னே நிறுத்துகிறது. அடுப்புப் புகையையும் தண்ணீர்க் குடத்தின் சுமையையும் பொறுப்பதைப் பெண்ணின் ஆற்றல் என்று நெடுங்காலம் புகழ்ந்துவிட்டோம். தகட்டு மின்சாரத்தில் தையல் இயந்திரத்தை ஓட்டி, மழை நாளிலும் உலர்த்தியில் கொப்பரை காயவைத்து, வருமானத்தைத் தன் கையில் வாங்குவதுதான் குறள் முன்னே நிறுத்தும் ஆற்றல்.

சுற்றறிக்கையின் இறுதியில், ஆற்றல் மக்களை எட்டுவது பற்றிய பத்தி இருந்தது. இவ்வாறு எட்டுவதை, ஆங்கிலத்து ‘ஆக்ஸஸ்’ என்பதற்கு இணையாக, ‘அணுகல்’ என்று எழுதுவது இப்போது பெருகிவருகிறது. அணுகுதல் நாம் போய் நெருங்குவது, நமக்கு வந்து சேர்வதன்று. ‘கிட்டுதல்’ எல்லையின் இருபுறமும் ஒன்றுபோல் விளங்கும் சொல். ஆனால் இந்த இடத்தில் நான் ஒதுக்கிய ‘அதிகாரம்’ திரும்பவும் தேவைப்பட்டது. 2024-இல் தொடங்கிய நடுவணரசின் கூரைச் சூரிய மின் திட்டம் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதைப் பெறச் சொந்த வீட்டுக் கூரையும் முறையான மின் இணைப்பும் வேண்டும். நம் ஊர்களில் வீட்டுப் பத்திரமும் மின் இணைப்பும் பெரும்பாலும் கணவர் அல்லது மாமனார் பெயரில் இருக்கின்றன. ஆகவே அந்தப் பத்தியில் மட்டும் ‘பெண்களுக்குச் சட்டப்படியான அதிகாரம்’ என்றே எழுதி, மற்ற எல்லா இடங்களிலும் ‘ஆற்றல்’ என்பதை நிறுத்தி, படியை அயல்கூட்டத்தின் செயலரிடம் கொடுத்தேன். அவர் முதலில் கேட்டது, பத்திரத்தில் பெயர் சேர்க்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை.