ஓநாய்க் கலப்புக் குட்டியை எப்போது பிரிப்பது?

நாய்க்குட்டியை எட்டு வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கலாம் என்றால், ஓநாய்க் கலப்புக் குட்டிக்கும் அதே கணக்குதானா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

எந்தக் கலப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பாத்திய ஓநாயையும் சேர்த்து 1955இல் தொடங்கிய செக்கோஸ்லோவாக்கிய வகை, பல தலைமுறையாக நாயோடு வளர்ந்தது. அதற்கு எட்டு வாரம் சரி. பெற்றோரில் ஒன்று ஓநாய் என்றால் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் மனிதக் கைக்கு வந்தாக வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? புதியதைப் பயமின்றி ஏற்கும் பருவம், குட்டி எழுந்து நடக்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரம்தான். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் லார்ட் 2013இல் இதில் ஓர் அழகான முடிச்சை அவிழ்த்தார். மோப்பம் இரண்டாம் வாரம், செவி நான்காம் வாரம், பார்வை ஆறாம் வாரம். நாய்க்கும் ஓநாய்க்கும் புலன்கள் விழிக்கும் வரிசை ஒன்றேதான். ஆனால் நாய்க்குட்டி நான்காம் வாரத்தில்தான் எழுந்து ஊர்சுற்றுகிறது. அப்போது அதற்குக் காதும் கேட்கும். ஓநாய்க்குட்டியோ இரண்டாம் வாரத்திலேயே கிளம்பிவிடுகிறது, மூக்கை மட்டும் நம்பி! மணத்தால் அறிந்த உலகத்தில் திடீரென்று சத்தம் புகுந்தால் மிரள்கிறது. பிறகு உருவங்கள் தெரியும்போது மறுபடி மிரள்கிறது. அந்த முதல் மூக்குப் பாடத்தில் மனித வாடை இருந்தால்தான் பின்னால் வரும் மனிதக் குரலும் முகமும் அதற்குப் பழகும். நாய்க் கணக்கில் எட்டு வாரம் காத்திருந்தால் ஓநாயின் கதவு மூடி இரண்டு வாரம் ஆகியிருக்கும். தாய்ப்பாலோடு காட்டுக்குணம் ஏறிவிடும் என்று பயந்து பிரிப்பவர்களும் உண்டு. பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சொல்லப்போனால் அந்தப் பால் தேவை. நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த சீம்பாலைக் குடல் உறிஞ்சுவது முதல் நாளில்தான். எனவே பிறந்தவுடன் தூக்கக் கூடாது. ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்புருன் ஓநாய் ஆய்வு மையத்தில் சுமார் பத்தாம் நாளில் எடுக்கிறார்கள்.

எடுத்த பிறகு மூன்று, நான்கு மணிக்கொரு முறை 38 டிகிரிச் சூட்டில் நாய்க்குட்டிப் பால்பவுடர். குட்டி குப்புறக் கிடந்தே குடிக்க வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் துடைத்தால்தான் சிறுநீரும் மலமும் போகும். பசும்பாலில் புரதமும் கொழுப்பும் பாதிகூட இல்லை, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கு வரலாம். அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் குறைந்த மாற்றுப்பாலில் வளர்ந்த ஓநாய்க்குட்டிகளுக்குக் கண்புரை வந்ததும் உண்டு.

ஒற்றைக் குட்டியாக எடுப்பது பெரிய தவறு. கடியை அளந்து கடிக்கக் கற்பது உடன்பிறப்பு வலியில் கத்தி விளையாட்டை நிறுத்தும்போதுதான். கூடப்பிறந்த ஒன்றாவது உடன் இருக்கட்டும். அடுத்த சில வாரங்களுக்கு இரவிலும் மனிதர் பக்கத்திலேயே படுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஓநாய் நாயாகிவிடாது. பழகிய ஓநாயாக இருக்கும், அவ்வளவே. விற்பவர் சொல்லும் ஓநாய்ச் சதவீதத்தையும் நம்ப வேண்டாம். ஒரே ஈற்றுக் குட்டிகளே குணத்தில் வேறுபடும். எட்டு வாரக் குட்டியைக் காட்டினால், இரண்டாம் வாரத்திலிருந்து அதோடு தூங்கியது யார் என்று கேளுங்கள்.