கிளிப்: கவ்வியா, கவவியா?

பழைய அம்பாசிடரை ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தால், பின்னால் இருக்கிற டாங்கிலிருந்து என்ஜின் வரைக்கும் ஒரு பெட்ரோல் குழாயும், பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின் சக்கரத்துப் பக்கம் வரைக்கும் ஒரு பிரேக் குழாயும் ஓடுவது தெரியும். இந்த இரண்டையும் பாடியோடு பிடித்து வைத்திருக்கிற சின்னத் துண்டுகளுக்குப் பட்டறையில் கிளிப் என்று பெயர். ரேடியேட்டர் ஹோஸை இறுக்குகிற வளையத்துக்கும் அதே பெயர், கதவு அட்டையைப் பிடிக்கிற பொத்தானுக்கும் அதே பெயர். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்க்கப் போனால், முதலில் இது எல்லாம் ஒரே வேலைதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

உதிரிபாகப் பட்டியல்களில் மவுண்ட், கிளிப், கிளாம்ப், பிராக்கெட் என்று நாலு சொல் கலந்து வரும். மவுண்ட் என்பது லத்தீனில் மலையைக் குறித்த 'மோன்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்து, ஏறுவது, ஏற்றி வைப்பது, பொருத்துவது என்று விரிந்தது. பரங்கிமலையால் பெயர் பெற்ற மவுண்ட் ரோட்டில் இருப்பதும் இதே மவுண்ட்தான். கிளாம்ப் டச்சு மொழிப் பக்கத்திலிருந்து வந்தது. கிளிப்பின் கதைதான் நமக்கு வேண்டியது. பழைய ஆங்கிலத்தில் 'கிளிப்பன்' என்றால் கட்டித் தழுவுவது, அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கிளிப். முடியைக் கத்தரிப்பதைக் குறிக்கிற கிளிப் வேறு, அது நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, இரண்டுக்கும் எழுத்து ஒன்றாகிப் போனது, அவ்வளவுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். கலைச்சொல் பட்டியல்களில் கவ்வி, பற்றி, பிடிப்பி என்றெல்லாம் பார்க்கலாம். கவ்வி நல்ல சொல்தான், ஆனால் கவ்வுவது என்றால் வாயால், பல்லால் பிடிப்பது: நாய் எலும்பைக் கவ்வும், தோற்றவன் மண்ணைக் கவ்வுவான். ஹோஸ் கிளிப்புக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் 1921இல் லம்லி ராபின்சன் காப்புரிமை வாங்கிய ஜூபிலி கிளிப்பிலிருந்து இன்றுவரை அதன் வேலையே திருகத் திருக ரப்பரை நெரித்து ஒழுகாமல் பார்த்துக்கொள்வது.

குழாயைப் பிடிக்கிற கிளிப் அப்படிக் கவ்வவே கூடாது. இந்த மாதிரிக் கார்களில் பிரேக் குழாய் வெறும் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. கிளிப் விட்டுப்போனால் குழாய் ஓட்டத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும், நட்டு போட்ட முனைக்குப் பக்கத்தில் உலோகம் சோர்ந்து கீறல் விடும். அதற்குப் பயந்து வெறும் தகட்டை வைத்து இறுக்கினால் விளிம்பு மேல்பூச்சை அறுக்கும், அந்த இடுக்கில் ஈரமும் சேறும் தங்கும், துரு அங்கேயே பிடிக்கும். பழைய காரில் பிரேக் குழாய் எங்கே அரித்திருக்கிறது என்று தேடுகிறவர்கள் முதலில் கிளிப்புக்கு அடியில்தான் பார்க்க வேண்டும். ஆகவே இதன் வேலை சுற்றி அணைப்பது, நகராமல் வைப்பது, ஆனால் நசுக்காமல் இருப்பது.

இதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது, கவவு. 'கவவு அகத்திடுமே' என்று தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்கிற உரியியல் பொருள் சொல்கிறது, ஒன்றை உள்ளே வைத்துச் சூழ்ந்துகொள்வது என்று அர்த்தம். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் வரும் 'கவவுக்கை' தழுவிய கை. கிளிப்பன் என்ற பழைய ஆங்கில வினையும் நம்முடைய கவவும் பொருளில் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால் நெரிக்கிற ஹோஸ் கிளிப்புக்குக் கவ்வி, குழாயை அணைத்து நிற்கிற கிளிப்புக்குக் கவவி என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பிராக்கெட்டைத் தாங்கி என்று சொல்ல முடியாது, அது பேரிங்குக்குப் போய்விட்டது. தாங்குதகடு என்றால் குழப்பமில்லை. பின் அச்சுக்குப் போகிற ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேருகிற இடத்தில் பாடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் தாங்குதகடு.

மாற்றுகிற வேலையிலும் இந்த வேறுபாடு உதவும். அந்தக் கால பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் தரைத்தகட்டில் வெல்டிங் வைத்த மெல்லிய நாக்கைக் குழாய்மேல் மடக்கியிருப்பார்கள்; இரண்டு மூன்று முறை நிமிர்த்தி மடக்கினால் அது உடைந்துவிடும், அப்புறம் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருப்பதைத்தான் பல வண்டிகளில் பார்க்கிறோம். கம்பி குழாயை அறுக்கும், கண்டிப்பாக வேண்டாம். நாக்கு போன இடத்தில் ரப்பர் உறை போட்ட பி-கிளிப்பை (ஆங்கில 'பி' எழுத்துப் போல வளைந்திருக்கும்) சுமார் 30 செ.மீ.க்கு ஒன்றாகப் போடலாம். உறை எந்த ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்: ஈபிடிஎம் பிரேக் ஆயிலைத் தாங்கும், பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும், பெட்ரோல் குழாய்க்கு நைட்ரைல் உறை வேண்டும். குழாயைக் கழற்றாமல் கவவியை மட்டும் மாற்றினால் பிரேக்கில் காற்று எடுக்க (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டிய அவசியமில்லை. ஆனால் பழைய கவவியைத் திறந்ததும் அந்த இடத்தைத் துணியால் துடைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள், குழி தட்டுப்பட்டால் குழாயையே மாற்றிவிட வேண்டும்.

கடையில் இப்போதைக்குப் பி-கிளிப் என்றுதான் கேட்க முடியும், பிரேக்குக்கு 5 மி.மீ., பெட்ரோலுக்குப் பெரும்பாலும் 8 மி.மீ. வேலைக் குறிப்பு எழுதும்போது 'பின் பிரேக் குழாய், கவவி மாற்றம்' என்று எழுதலாம், யாருக்கும் புரியாமல் போகாது.