நாங்கள் ஏன் கூப்பிட்ட வரிசைப்படி வருவதில்லை: ஒரு வார்டு நர்ஸ் சொல்வது

"சிஸ்டர், நாங்க கூப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு, நீங்க அந்தப் பெட்டுக்கிட்டயே நிக்கீங்க." நாகர்கோவிலோ தக்கலையோ மார்த்தாண்டமோ, எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் தினமும் கேட்கிற பேச்சு இது. கேட்கிறவர் மேல் தப்பில்லை. தன் அம்மாவுக்கு ட்ரிப் தீர்ந்து பாட்டில் காலியாகத் தொங்குகிறது, அவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். ஆனால் வந்த வரிசைப்படி பார்த்துவிட வார்டு ஒன்றும் ரேஷன் கடை இல்லை. இப்போது போகாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துப் போயும் பலனில்லை என்கிற நிலைமையில் யார் இருக்கிறாரோ, அவரிடம்தான் முதலில் போகிறோம், போக வேண்டும்.

மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு. இந்த வரிசையை நர்சிங் படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பரீட்சையில் அது போதும். வார்டில் சாயங்காலம் ஏழரை மணிக்கு நாலு பேருக்கு இன்சுலின், எட்டு மணிக்கு ஆன்டிபயாடிக் ஊசிகள், ஒருவருக்கு டிஸ்சார்ஜ் பேப்பர், ஒருவருக்குக் கை வீங்கி ட்ரிப் ஏறுகிற லைனை மாற்ற வேண்டும், புது அட்மிஷன் ஒன்று லிப்டில் வந்துகொண்டிருக்கிறது, இத்தனைக்கும் நடுவில் யாருக்கு மூச்சு தப்பிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையிலேயே கடினமான பகுதி. இதைப் புத்தகம் பாதிதான் சொல்லித்தரும். மீதியை ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிற தங்கச்சிகளுக்கு நான் முதலில் சொல்வது, ட்யூட்டி ஏற்றதும் கேஸ் ஷீட்டோடு உட்கார்ந்துவிடாதே, ஒரு சுற்று நடந்துவிட்டு வா. ஒவ்வொரு பெட்டிலும் அரை நிமிஷம் போதும். பேரைச் சொல்லிக் கூப்பிடு, பதில் முழு வாக்கியமாக வருகிறதா, இல்லை ரெண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா என்று கேள். கையைத் தொடு, சில்லென்று வேர்த்திருக்கிறதா பார். யூரின் பையில் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம், காயக்கட்டின் மேல் ரத்தக்கறை பெரிதாகியிருக்கிறதா, இதெல்லாம் நடக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். சத்தமாகக் கூப்பிடுகிறவருக்குக் கூப்பிடும் அளவுக்கு மூச்சும் நினைவும் இருக்கிறது. அதற்காக அவர் வலியைச் சின்னதாக நினைக்கக் கூடாது, "இதோ பத்து நிமிஷத்தில வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். ஆனால் முதலில் போய் நிற்க வேண்டியது அசையாமல் கிடக்கிற பெட்டுக்கு.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடற்கரை ஊர்ப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், யூரின் இன்பெக்ஷன் என்று சேர்த்திருந்தார்கள். முந்தைய நாள்வரை ரவுண்ட்ஸ் வருகிற டாக்டரிடம் எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். மூன்றாம் நாள் சாயங்காலம் போர்த்திப் படுத்திருந்தார். மகள், "இப்பத்தான் காய்ச்சல் விட்டுச்சு சிஸ்டர், நல்ல உறக்கம், எழுப்பாண்டாம்" என்றாள். தெர்மாமீட்டரிலும் 96.8 தான். ஆனால் கூப்பிட்டால்தான் கண் திறந்தார், திறந்ததும் மூடிக்கொண்டார். விரல் நுனி சில்லென்றிருந்தது. மூச்சை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன், 28. பல்ஸ் 118, ஆக்சிஜன் அளவு 91, பிபி மேல் எண் 104. யாருடைய பிபி என்று தெரியாமல் பார்த்தால் 104 மோசமில்லை என்று தோன்றும், ஆனால் இவருக்குக் காலையில் 150 இருந்தது. இது காய்ச்சல் விட்டதல்ல, செப்சிஸ், அதாவது கிருமித்தொற்று முற்றி உறுப்புகளையே கெடுக்கிற நிலை. செப்சிஸில் உடம்பு குளிர்ந்துபோகவும் செய்யும், வயதானவர்களிடம் அது இன்னும் கெட்ட அறிகுறி.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிபி, பல்ஸ், நினைவு, உடல் சூடு ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு மார்க், ஆக்சிஜன் வைத்திருந்தால் அதற்கும் சேர்த்து. மொத்தம் 5 வந்தால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசர நிலை. இந்தப் பெரியவருக்கு 13. "நல்ல உறக்கம்" என்ற ஒரு சொல்லுக்குள் அத்தனையும் ஒளிந்திருந்தது. ஐசியுவுக்கு மாற்றினார்கள், பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

அந்த ஆறில் எது முதலில் மாறும் என்று கேட்டால், பெரும்பாலும் மூச்சு எண்ணிக்கை. பிபி கடைசியில்தான் விழும், உடம்பு அதுவரை எப்படியாவது இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் சார்ட்டுகளை எடுத்துப் பாருங்கள், எல்லா பெட்டுக்கும் 20, 20, 20. மற்ற எண்களுக்கெல்லாம் மெஷின் இருக்கிறது, மூச்சுக்கு மட்டும் நின்று எண்ண வேண்டும், அதனால் அதுதான் முதலில் விட்டுப்போகிறது. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் எண்ணாமல் எழுதின 20 ஒரு பொய், அடுத்த ஷிப்ட் அதை நம்பும். பல்ஸ் பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள், எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சே மாறிவிடும். அப்புறம், ஆக்சிஜன் வைத்த நோயாளிக்கு விரலில் 98 காட்டுகிறது என்று நிம்மதியாகி விடாதீர்கள், மூச்சு 30 ஓடிக்கொண்டிருந்தால் அந்த 98-ஐப் பிடித்து நிறுத்த அவர் படாத பாடு படுகிறார் என்று அர்த்தம். பிபிக்கு மெட்டோபிரலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் பல்ஸ் ஏறாமல் இருக்கலாம். அவர்களிடம் பல்ஸ் 84 தானே என்று அதை மட்டும் நம்பக் கூடாது.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, டாக்டருக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். "டாக்டர், அந்த பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று போன் பண்ணினால், ராத்திரி மூன்று வார்டைப் பார்க்கிற ட்யூட்டி டாக்டர், "சரி, வாறேன்" என்பார், எப்போது என்று அவருக்கே தெரியாது. இப்படிச் சொல்லுங்கள்: "14-ம் பெட், யூரின் இன்பெக்ஷன், மூன்றாம் நாள். மூச்சு 28, பல்ஸ் 118, பிபி காலையில் 150, இப்போ 104. கூப்பிட்டால்தான் கண் திறக்கிறார். செப்சிஸ் மாதிரி தெரிகிறது. இப்பவே வந்து பார்க்கணும். அதுவரைக்கும் ஆக்சிஜன் வைத்து, இன்னொரு லைன் போட்டு ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?" நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, வேண்டியது என்ன, நாலும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். "செப்சிஸ் மாதிரி தெரிகிறது" என்று சொல்ல நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள், அது டாக்டர் சொல்ல வேண்டியது என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் நிற்பது நாம்தான், நமக்குத் தோன்றியதைச் சொல்லத்தான் வேண்டும். பதில் வரவில்லை என்றால் அடுத்த மேல் டாக்டருக்குப் பேசுங்கள், பேசிய நேரத்தையும் சார்ட்டில் எழுதி வையுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று சில சத்தமில்லாத கேஸ்கள் உண்டு. அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டமும் காடும் அடுத்தடுத்து இருக்கின்றன. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வருகிறார், உடம்பில் எங்கேயும் கடித்த அடையாளம் தெரியவில்லை. கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி என்று ஊசி போட்டுப் படுக்க வைக்கும் முன் அவர் கண் இமையைப் பாருங்கள். இமை தொங்குகிறதா, எச்சில் விழுங்கக் கஷ்டப்படுகிறாரா, பேச்சு குழறுகிறதா? கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, மூச்சுத் தசைகள்தான் மெல்ல மெல்லச் செயலிழக்கும். அந்த ஆள் வரிசையில் எத்தனையாவதாக வந்திருந்தாலும் முதல் ஆள். கண்ணாடிவிரியன் என்றால் ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிஷச் சோதனை வைக்கிறோம், அதற்குச் சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவின குழாயிலோ வைத்தால் நல்ல ரத்தமும் உறையாதது போலக் காட்டும்.

இன்னொன்று சுகர்காரர்களின் நெஞ்சு. மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு நெஞ்சுவலியே இருக்காது, "வாயு பிடிச்சிருக்கு சிஸ்டர், ஒரு மாதிரி வருது" என்பார்கள், சோடா குடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். வேர்த்துக்கொண்டு அப்படிச் சொன்னால் பத்து நிமிஷத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும், ஓ.பி. சீட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம். பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரத்தத்தில் பேட் நனைவதையும் பல்ஸ் ஏறுவதையும் பாருங்கள், பிபி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கூட நிற்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது, தெருவுக்கு நாலு வீட்டிலாவது நர்ஸ் படித்த பிள்ளை உண்டு, குவைத்திலிருந்தோ ரியாத்திலிருந்தோ வீடியோ காலில் மானிட்டரைக் காட்டச் சொல்லிக் கேட்பாள். காட்டுங்கள், எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் எங்களுக்கு அதைவிட வேண்டியது உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு செய்தி: "நேத்து மாதிரி இல்லை, பேச்சு மாறுது." நாங்கள் அவரை மூன்று நாளாகத்தான் பார்க்கிறோம், நீங்கள் முப்பது வருஷமாகப் பார்க்கிறீர்கள். அப்படிச் சொன்னால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு வருவோம், வர வேண்டும், வராவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள். உறக்கச் சடவாக இருக்கிறவருக்குக் கஞ்சியோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு முட்டுகிறது என்று ஆக்சிஜன் குமிழைத் திருகிக் கூட்டாதீர்கள், பல வருஷம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு விரலில் காட்டும் அளவு 88-லிருந்து 92-க்குள் நின்றால் போதும், மிஞ்சினால் அதுவே மயக்கத்தில் கொண்டுபோய் விடும். இன்சுலின் போட்டபின் வீட்டுச் சாப்பாடு வந்துகொண்டிருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம், சாப்பாடு கையில் வந்த பிறகு இன்சுலின் போட எங்களைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் சொன்னபின் இதையும் சொல்லாமல் விட முடியாது. சாதாரண மருத்துவமனைப் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், இதுதான் இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. ராத்திரி முப்பது பேருக்கு ஒருத்தியை நிறுத்திவிட்டு, "முக்கியமானதைப் பார்த்துச் செய்" என்று சொல்வதற்குப் பெயர் திறமையை வளர்ப்பது இல்லை. யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கத் தெரிந்தவளுக்கும் கால் ரெண்டுதான். ஆள் போடச் சொல்லிக் கேட்பதும் நோயாளியின் உயிருக்காகப் பேசுவதுதான், நர்ஸ்கள் மட்டும் கேட்டு இது நடக்காது, நீங்களும் கேளுங்கள்.

கடைசியாக வார்டு தங்கச்சிகளுக்கு. ஷிப்ட் மாற்றிக் கொடுக்கும்போது நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து முப்பது பெட்டையும் ஒரே தொனியில் வாசித்து முடிக்காதீர்கள். இன்றைக்கு யாரைப் பற்றிக் கவலை என்று இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெட்டுக்கே அடுத்தவளைக் கூட்டிக்கொண்டு போய், என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறோம், எது மாறினால் டாக்டருக்குப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். மூச்சைக் கடைசியாக எத்தனை மணிக்கு எண்ணினீர்கள், எத்தனை இருந்தது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், அவளும் அங்கேயே ஒருமுறை எண்ணிக்கொள்ளட்டும்.