செருப்பைக் கழற்றச் சொல்ல ஆளில்லை

மொரிசியஸில் நான் மருத்துவம் பார்க்கும் இடத்துக்குச் சென்ற வாரம் மாத்திரை வாங்க ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தெட்டு வயது. நீரிழிவு, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஆறு ஆண்டுகளாக மாதந்தவறாமல் ஏதாவதொரு சுகாதார நிலையத்துக்குப் போகிறவர். அவருடைய அட்டையைப் புரட்டினேன். வரிக்கு வரி தேதி, அழுத்தம், சர்க்கரை அளவு, பிறகு 'அதே மருந்து'. நடை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்ததால் செருப்பைக் கழற்றச் சொன்னேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசளவு புண். ஓரம் கறுத்து, நடுவில் கசிந்துகொண்டிருந்தது. செருப்பின் உட்புறத்தில் ஒரு சிறு கல் பதிந்து கிடந்தது. "வலிக்கவே இல்லையே, டாக்டர்" என்றார். காலை யாரும் பார்த்ததில்லையா என்று கேட்டேன். "இல்லை. மருந்து எழுதித் தருவார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவேன்."

நீரிழிவால் மரத்து, வலி தெரியாமலே புண்ணாகி, இந்த ஆண்டு நான் பார்க்கும் நான்காவது கால் இது. 72 முறை அந்த அம்மா மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கிறார். என்ன சாப்பிடுகிறீர்கள், நடக்கிறீர்களா, கால் மரத்துப்போகிறதா என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டாமா?

கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "நான் டீயில் சர்க்கரை போடுவதே இல்லை." மொரிசியஸ் முழுவதும் இதைச் சொல்கிறார்கள், பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லது, போட வேண்டாம். ஆனால் காலையில் இரண்டு ரொட்டி, பத்து மணிக்கு ஒரு ஜோடி டோல் புரி என்னும் பருப்பு ரொட்டி, மதியம் தட்டு நிறையச் சோறு, மாலையில் மறுபடியும் ரொட்டி, இரவில் மின் ஃபிரி என்னும் வறுத்த நூடுல்ஸ். இவை வயிற்றுக்குள் போய் என்ன ஆகின்றன? மாவுச்சத்து செரித்தால் சர்க்கரைதான். நாக்குக்கு இனிக்காதது இரத்தத்துக்கும் இனிக்காது என்று எப்படி நினைத்துக்கொண்டோம்? டீயில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு, சாப்பாட்டோடு ஒரு கேன் கோலா குடிக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த 330 மில்லிலிட்டரில் மட்டும் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஏழு டீக்கரண்டி. பழச்சாறும் அலூடா என்னும் இனிப்புப் பால் பானமும் கணக்கில் வராதவை அல்ல.

இதே குழப்பம் தைப்பூசக் காவடி விரதத்திலும் உண்டு. "பத்து நாள் சுத்த சைவம் இருந்தேன், சர்க்கரை இறங்கியிருக்குமே" என்று வருகிறார்கள். மீனும் கறியும் போன இடத்தைச் சோறும் உருளைக்கிழங்கும் பிடித்துக்கொண்டன. முடிவில் வாழையிலையில் ஏழு கறி. அந்த இலையில் காய்கறி நிறைய இருக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். நடுவில் இருக்கும் சோற்று மலையைத்தான் சொல்கிறேன். விரதம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவது இன்னும் மோசம்.

என் சக மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் ஒரு வார்த்தை. "நேரமில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள்" என்கிறோம். 1979-இல் வெளிவந்த லண்டன் ஆய்வில், புகைபிடிப்பதை விடுங்கள் என்று பொதுமருத்துவர் சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, மறுபடி விசாரிப்போம் என்றும் எச்சரித்தவர்களில் 5.1 விழுக்காட்டினர் முதல் மாதத்திலேயே விட்டு, ஓராண்டுக்குப் பிறகும் தொடாமல் இருந்தார்கள். ஒன்றும் சொல்லப்படாதவர்களில் அது 0.3. எடையைப் பற்றிப் பேசினால் மனம் புண்படும் என்று தயங்குகிறோம். 2016-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில் மருத்துவர்கள் அரை நிமிடம் பேசி, எடை குறைக்கும் வகுப்புக்கு அனுப்பினார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொண்டவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஒரே தடவையில் பத்து அறிவுரை வேண்டாம். எதை மாற்ற முடியும் என்று நோயாளியையே கேளுங்கள். அவர் சொன்ன அந்த ஒன்றை அட்டையில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதைப் பற்றியே முதலில் விசாரியுங்கள். திட்டினால் அடுத்த முறை பொய்தான் சொல்வார்கள்.

நம் மக்களால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1987-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றியது. ஐந்தே ஆண்டுகளில் இந்தத் தீவின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியது. அது கடைக்கு வந்த எண்ணெய். தட்டில் விழும் சோற்றை வீட்டில்தான் அளக்க வேண்டும்.

தட்டில் பாதி காய்கறி: கீரை, சூசூ, வெண்டை, எதுவானாலும். கால் பங்குக்கு மேல் சோறு வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கினாலும் நடைதான். இரவில் படுக்குமுன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். செருப்பைப் போடுமுன் உதறுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கால் மரத்துப்போனவர்கள் ஜனவரி, பிப்ரவரி கோடை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு காவடி எடுக்குமுன் எங்களிடம் வந்து காலைக் காட்டுங்கள். தீமிதிக்கும் அப்படியே. சுடுவது உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். முருகனுக்கு வேறு விதமாகவும் நேர்த்தியைச் செலுத்தலாம். எப்படி என்று கோயில் குருக்களைக் கேளுங்கள்.

அடுத்த முறை அட்டையோடு வரும்போது நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். வரிசை நீளமாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள்.